மூன்று நல்ல காரியங்கள்: ஒரு லெந்து கால நாட்குறிப்பு

18.2.2024, ஞாயிறு

லெந்து காலத்தின் (தவக்காலத்தின்) முதல் ஞாயிறு. ஆராதனை முடிந்து, காணிக்கையாக வந்த முருங்கைக்காயும் முட்டையும் ஏலம் போன பிறகு சபை கமிட்டி கூடியது. சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு வெளியூர்களிலிருந்து வருகிறவர்கள் பந்தலில் நிற்க நேர்வதால் ஆலயத்தைப் பெரிதாக்க வேண்டும் என்பது ஒரு யோசனை. பிள்ளைகள் குறைந்து மூடப்பட்ட பழைய பள்ளிக்கூடத்தைச் செப்பனிட்டு, தனித்து வாழும் முதியவர்களுக்கு மதிய உணவு கொடுக்க வேண்டும் என்பது இரண்டாவது. இந்திய மிஷனெரி சங்கத்தின் ஊழியர் ஒருவரின் செலவை நம் சபையே முழுமையாகத் தாங்க வேண்டும் என்பது வாலிபர்களின் விருப்பம். இவற்றில் ஒன்று தகாததாக இருந்திருந்தால் தள்ளிவிடுவது எளிதாயிருந்திருக்கும். மூன்றும் நல்லவையாக இருப்பதால்தான் யாருக்கும் பேச்சு எழவில்லை.

22.2.2024, வியாழன்

முன்னோரைக் கேட்டால் வழி தெரியும் என்று எண்ணிப் பார்த்தேன். திருநெல்வேலிப் பகுதியிலுள்ள இடையன்குடி ஆலயத்தைக் கட்டி முடிக்க மிஷனெரி கால்டுவெல் ஐயருக்கு 33 ஆண்டுகள் பிடித்தன. 1880இல்தான் அது பிரதிஷ்டையானது. மெஞ்ஞானபுரம் ஆலயத்தின் 192 அடிக் கோபுரத்தைச் செம்மணல் தேரிக்காட்டு மக்கள் வீண் செலவு என்று நினைக்கவில்லை. ஆனால் அதே மண்ணில்தான் 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. நம் மக்களே தங்கள் காணிக்கையைக் கொண்டு தங்கள் ஊழியர்களைத் தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல்லுக்கு அனுப்பினார்கள். அதற்கும் முன்பே, விசுவாசத்தின் நிமித்தம் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்துவதற்காக மிஷனெரி ரேனியஸ் ஐயர் தர்ம சங்கத்தை ஏற்படுத்தியிருந்தார். ஆகவே கட்டினவர்களும் அனுப்பினவர்களும் ஆதரித்தவர்களும் நம் முன்னோரே. அவர்களை எந்தப் பக்கத்துக்கும் சாட்சியாக நிறுத்த முடியும் என்பதால், அவர்களைக் காட்டி இந்தக் காரியத்தைத் தீர்க்க முடியாது.

3.3.2024, ஞாயிறு

மூத்தவர் ஒருவர் சீட்டுப் போட்டுவிடலாம் என்றார். யூதாசின் இடத்துக்கு அப்போஸ்தலனாக மத்தியாவுக்குச் சீட்டு விழுந்தது பெந்தெகொஸ்தேக்கு முன்பு என்றும், ஆவியானவர் இறங்கிய பின் எருசலேம் சபை கூடிப் பேசி, ஒருவர் சொல்வதை மற்றவர்கள் அமைதியாகக் கேட்டு, அதன் பிறகே ஒருமனப்பட்டது என்றும் எங்கள் போதகர் ஐயரவர்கள் பொறுமையாக எடுத்துச் சொன்னார்கள். பிறகு அவர்கள் வைத்த ஒழுங்கு எனக்குக் கடினமாயிருந்தது: அவரவர் விரும்பாத யோசனைக்காக அவரவரே எழுந்து பேச வேண்டும்.

ஆலய விரிவாக்கத்தை விரும்பிய நான் முதியவர்களுக்காகப் பேச நின்றேன். ஆயத்தம் செய்திருந்த சொற்கள் வரவில்லை. டிசம்பர் வெள்ளந்தான் கண்முன் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்த 17, 18 தேதிகளில், மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போன இருட்டில், வாலிபர்கள் இடுப்பளவு தண்ணீரில் ஒவ்வொரு வீடாகத் தட்டிக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் இருக்க, எத்தனை வீடுகளில் ஒரே ஒரு கிழவியோ கிழவரோ கட்டிலின்மேல் உட்கார்ந்திருந்தார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவரை அவர்கள் ஒவ்வொருவரையும் அறிந்திருந்தோம். எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்ததில்லை. இதைச் சொல்லி முடித்தபோது என் குரல் தழுதழுத்தது.

ஆலய விரிவாக்கத்துக்காகப் பேசிய வாலிபனும், வெள்ள இரவில் ஊரே ஆலயத்துக்குள் தங்கியதை நினைவூட்டி, மிகவும் நன்றாகவே பேசினான்.

10.3.2024, ஞாயிறு

கட்டட நிதியின் மீது எனக்கு ஏன் இவ்வளவு பற்று என்று ஜெபத்தில் கேட்டுக்கொண்டேன். ஒவ்வொரு வேளையும் உலை வைக்குமுன் அம்மா ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். அந்த அரிசி விற்ற காசு அந்த நிதியில் இருக்கிறது. நான் காத்துக்கொண்டிருந்தது ஆலயத்தை மட்டுமல்ல, அம்மாவின் கையையும்தான்.

17.3.2024, ஞாயிறு

இன்று மனம் ஒருவாறு முதியவர்கள் பக்கம் கூடியது. உடனே கட்டட நிதியை எடுத்துவிடலாம் என்று சிலர் சொன்னபோது நான் மறுத்தேன். கட்டடத்துக்கென்று பெயர் சொல்லிக் கொடுக்கப்பட்ட காணிக்கையை, வேறொரு நல்ல காரியத்துக்காகவே ஆனாலும், கொடுத்தவர்களைக் கேளாமல் மாற்றுவது நீதியல்ல. உயிரோடிருப்பவர்களைக் கேட்கலாம், கல்லறைத் தோட்டத்தில் இருப்பவர்களை யார் கேட்பது? நெடுநேரம் பேசினோம். கட்டட நிதி அப்படியே இருக்கட்டும் என்றும், மதிய உணவைக் கைப்பிடி அரிசியைக் கொண்டே தொடங்குவது என்றும், பள்ளிக்கூடத்தைச் செப்பனிடும் செலவைப் பல சபைகள் சேர்ந்த சேகரத்தின் கமிட்டிக்கு எழுதுவது என்றும் முடிவாயிற்று. மிஷனெரி ஊழியத்துக்கு இந்த ஆண்டு முழுத் தாங்குதல் இயலாது. அறுப்பின் பண்டிகைக் காணிக்கையை அனுப்பலாம் என்று வாலிபர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். அவர்கள் முகத்தில் வருத்தம் இருந்தது. அதை நாங்கள் மறந்துவிடக்கூடாது என்று கூட்டக் குறிப்பேட்டில் எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

24.3.2024, குருத்தோலை ஞாயிறு

பவனி முடிந்து வந்ததும் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் ஆலய வாசலில் அரிசிப் பானையை வைத்தார்கள். முதல் வாரம் பதினொரு பேருக்குச் சமைக்க வேண்டும். நடக்க இயலாத இருவருக்கு ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் தூக்குச்சட்டியில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு மறுநாள் திங்கட்கிழமை தொடக்கம். அன்றைய சமையல் என் முறை.