அஸ்டெகாவுக்கு டாக்சி வேண்டவே வேண்டாம்

முதலில் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். மெக்சிகோ சிட்டியின் அஸ்டெகா கால்பந்து மைதானத்தில் ஆட்டம் விட்டதும் வாசலில் நிற்கும் டாக்சிக்காரர்கள் வாய்க்கு வந்ததைத்தான் ரேட் என்கிறார்கள். மெட்ரோ 2ஆம் லைனில் கடைசி ஸ்டேஷனான தஸ்கெஞாவுக்கு 5 பெசோ. அங்கிருந்து சோச்சிமில்கோ போகும் லைட் ரயிலுக்கு 3 பெசோ. அது மைதானத்தை ஒட்டியே நிற்கும். மைதானத்துக்கு இப்போது ஒரு வங்கியின் பெயர். அதை யார் சொல்கிறார்கள்? அஸ்டெகா என்றே கேளுங்கள். திரும்பும்போதுதான் சிக்கல்: ரயில் சின்னது, கூட்டம் மொத்தமும் அதே ஸ்டேஷனில் முட்டும். ரெண்டு டாக்கோ சாப்பிட்டுவிட்டு மெதுவாகக் கிளம்புங்கள்.

கோல் போஸ்டுக்குப் பின்னால் டிக்கெட் மலிவு என்று போகாதீர்கள். பட்ஜெட் இடித்தாலும் நடுக்கோட்டுக்கு நேராக உட்காருங்கள். 1986 ஜூன் 22, இங்கிலாந்துக்கு எதிரான உலகக் கோப்பைக் கால் இறுதியின் 55ஆவது நிமிடத்தில் அர்ஜென்டினாவின் மரடோனா ஓடிய தூரம் அங்கிருந்துதான் உறைக்கும். சொந்தப் பாதியில் சக வீரர் என்ரிக்கேயிடம் பந்து வாங்கி, இங்கிலாந்தின் பியர்ட்ஸ்லி, ரீட், புட்சர், ஃபென்விக், கடைசியில் கோலி ஷில்டன் என்று தாண்டிக்கொண்டே போய் அடித்த கோல். அதுவும் 2,200 மீட்டர் உயரத்தில், நண்பகல் 12 மணிக்குத் தொடங்கிய ஆட்டத்தில்! மேல் அடுக்குக்குப் படியேறினாலே நமக்கு மூச்சு வாங்குகிறது.

வெயிலுக்குப் பயந்துதான் அர்ஜென்டினா தன் கனமான நீலச் சட்டையை ஒதுக்கிவிட்டு, இதே ஊர்க் கடையில் மெல்லிய சட்டை வாங்கி, வெள்ளி நிற எண்களை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டியது. மரடோனா போட்டிருந்த அந்தச் சட்டை 2022இல் 71 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது.

அந்த ஓட்டக் கோலுக்கு நான்கு நிமிடம் முன்னால் மரடோனா கையால் தட்டி அடித்த கோல்? சுத்தத் திருட்டு, சந்தேகமே இல்லை. ஆனால் அது ஆஃப்சைடு (எதிரணித் தடுப்பு வீரர்களைத் தாண்டி முன்னால் நின்று சக வீரரின் பந்தை வாங்கும் தவறு) என்று வாதாடுகிறவர்களோடு ஒத்துப்போக முடியாது. பந்தைத் தன் கோலி பக்கம் பின்னால் தூக்கி அடித்தது இங்கிலாந்தின் ஹாட்ஜ். எதிரணி வீரர் தானே ஆடிய பந்துக்கு ஏது ஆஃப்சைடு? துனிசிய நடுவர் அலி பின் நாசர் லைன்ஸ்மேனைப் பார்த்தார், கொடி எழவில்லை, கோல் கொடுத்துவிட்டார். இங்கிலாந்தின் லினேகர் 81ஆவது நிமிடத்தில் ஒன்று திருப்பியும் அர்ஜென்டினாவுக்கே வெற்றி, 2-1.

கையைப் பார்க்காத நாசர், பந்தை மட்டும் 36 வருடம் பத்திரமாக வைத்திருந்தார். 2022இல் அதுவும் ஏலத்துக்கு வந்து 20 லட்சம் பவுண்டுக்குப் போனது.