ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு மலை

செப்டம்பர் 8, ஞாயிறு

கால்கரியில் இன்னும் வெயில் அடிக்கிறது. அதற்குள் பனிச்சறுக்கு வகுப்புக்கு இடம் பிடிக்க ஓடணுமாம். அக்டோபரில் யோசித்தால் ஜனவரியில் வெயிட்டிங் லிஸ்டில்தான் நிற்க வேண்டியிருக்கும் என்று பெரியவளின் தோழியோட அம்மா சொன்னார். பெரியவள் போன வருடத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் போனால் சின்னவனும் போவான். ஐந்து வயது.

மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்ட் நாற்காலியில் அவன் பக்கத்தில் யார் உட்காருவார்கள்?

செப்டம்பர் 11, புதன்

மேப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஊருக்குள்ளேயே ஒலிம்பிக் பார்க் குன்று. நக்கிஸ்கா ஒரு மணி நேரம், பான்ஃப் பக்கத்து நார்க்வே ஒன்றரை மணி, லேக் லூயிஸ் இரண்டு மணி. 1988 ஒலிம்பிக்கில் மலைச்சறுக்குப் போட்டிகள் நடந்தது நக்கிஸ்காவில். அந்தச் சரிவில் குழந்தைகள் இறங்குவதை நினைத்தால் ஆசையாகத்தான் இருக்கிறது.

ஆனால் அவர் இரண்டு வாரம் வடக்கே ஃபோர்ட் மெக்மரியில் வேலையில், இரண்டு வாரம் இங்கே. சீசன் முழுக்க என்றால் வாரா வாரம் போகணும். அவர் இல்லாத வாரம் விடியற்காலை இருட்டில், பின்சீட்டில் இரண்டு பேரோடு, பிளாக் ஐஸ் என்கிற கண்ணுக்குத் தெரியாத உறைபனி படிந்த டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலையில் நான் மட்டும் ஓட்டணும். மலை எவ்வளவு உயரம், எத்தனை சறுக்குப் பாதை என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான். பிப்ரவரி நடுவில், எல்லோரும் சளியோடு இருக்கிற ஒரு வாரத்திலும் என்னால் போய்ச் சேர முடியுமா?

செப்டம்பர் 12, வியாழன்

லேக் லூயிஸ் இல்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

மதியம் முழுக்க ஃபோன். ஒரு ஆசிரியருக்கு ஆறு குழந்தைகள் என்கிறார்கள். லிஃப்ட் நாற்காலியில் நான்கு பேர் உட்காரலாம். ஆசிரியரோடு மூன்று குழந்தைகள் போனால் மற்ற மூன்று பேர்? ஒரு இடத்தில், வரிசையில் நிற்கும் பெரியவர்களிடம் கேட்டு அவர்களோடு ஏற்றிவிடுவோம் என்றார்கள். இங்கே எல்லா மலையிலும் சகஜம் என்று அந்தப் பெண் பொறுமையாகத்தான் விளக்கினார். முன் பின் தெரியாத ஒருவரின் பக்கத்தில், தரையிலிருந்து அவ்வளவு உயரத்தில், கால் தொங்க என் பிள்ளை.

இன்னொரு இடத்தில், தானாக நிற்கவும் இரண்டு பக்கமும் திரும்பவும் தெரியும்வரை மேஜிக் கார்ப்பெட்டை விட்டு நகர்த்த மாட்டோம் என்றார்கள். அது தரையோடு ஓடும் பெல்ட். ஏறி நின்றால் மேலே கொண்டுபோய் விடும். லிஃப்டுக்குப் போகும் நாளில் உதவியாளர் ஒருவர் கூட வருவாராம். அந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

வாராவாரம் அதே ஆசிரியர்தானா என்று கேட்டால் பாதிப்பேர் நேராகப் பதில் சொல்வதில்லை. முயற்சி பண்ணுவோம் என்கிறார்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். சின்னவன் கிண்டர்கார்டனில் டீச்சரிடம் வாய் திறக்கவே கிறிஸ்துமஸ் ஆகிவிட்டது. அவசரம் வந்தால்கூடச் சொல்ல மாட்டான், அடக்கிக்கொண்டு நிற்பான். ஜாக்கெட், அதற்குள் பனிப்பேன்ட், அதற்குள் தெர்மல். இத்தனையையும் கழற்றி ஒரு ஐந்து வயசுப் பையனைப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போக, அவன் முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்கிற ஆள் வேணும். ஒவ்வொரு வாரமும் புது முகம் என்றால் அவன் பனியைக் கற்றுக்கொள்ள மாட்டான், அந்த முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். வாரம் ஒரு தடவை என்று தனித்தனியாகப் பணம் கட்டாமல் சீசன் வகுப்புக்கு இவ்வளவு கொடுப்பதே ஒரே ஆள், ஒரே குழு என்பதற்காகத்தான். அது இல்லையென்றால் எதற்கு?

அம்மா கோயமுத்தூரிலிருந்து கூப்பிட்டாள். "பிள்ளைகளைப் பனியில எதுக்கு உருள விடற கண்ணு?" என்றாள். இங்கே ஆறு மாதம் குளிர், அதை வீட்டுக்குள்ளேயே கழிக்க முடியாதம்மா என்றேன். சரி, காதை மூடு என்றாள்.

அக்டோபர் 3, வியாழன்

கொலுப்படி கட்டிக்கொண்டிருக்கும்போதே பதிவு திறந்தது. நான் உள்ளே போவதற்குள் ஞாயிறு நிரம்பிவிட்டது. சனிக்கிழமை இடம் இருக்கிறது. சனிக்கிழமை தமிழ்ப்பள்ளி.

அக்டோபர் 4, வெள்ளி

தமிழ்ப்பள்ளியை விட மாட்டேன். வெயிட்டிங் லிஸ்டில் பெயர் கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் 9, புதன்

ஜாக்ராபிட்ஸ் என்று குழந்தைகளுக்கு இன்னொரு வகுப்பு இருக்கிறது. சமதளத்திலும் சின்னச் சின்ன மேட்டிலும் நடந்து சறுக்கும் கிராஸ் கன்ட்ரி ஸ்கீ. நார்வேயிலிருந்து கனடா வந்த ஹெர்மன் ஸ்மித் யோஹான்சனின் பட்டப்பெயர் அது. 1875இல் பிறந்து 1987 வரை, 111 வயது வாழ்ந்திருக்கிறார். மலைச்சறுக்கைவிடச் செலவு எவ்வளவோ குறைவு, பெற்றோரும் கூடவே போகலாம். லிஃப்டே கிடையாது!

பெரியவளிடம் சொன்னேன். "கீழே இறங்கறது எங்கேம்மா?" என்றாள். முகம் விழுந்துவிட்டது.

அக்டோபர் 14, திங்கள்

தேங்க்ஸ்கிவிங் லீவு, அவர் வீட்டில். நக்கிஸ்காவே போகலாம், தான் இல்லாத வாரம் வகுப்புக்கு லீவு போட்டுக்கலாம் என்கிறார். ஒத்துக்கொள்ள முடியவில்லை. இரண்டு வாரம் விட்டால் குழு முன்னால் போய்விடும், திரும்ப வரும்போது வேறு குழுவில் போடுவார்கள். அங்கே வேறு ஆசிரியர். ராத்திரி பதினொன்று வரை பேசினோம், முடிவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

சாமான்களை சீசன் வாடகைக்கு எடுத்தோம். வளர்கிற பிள்ளைகளுக்கு அதுதான் சரி. பூட்ஸ் அளவு சென்டிமீட்டரில். அடுத்த வருடத்துக்கும் ஆகட்டும் என்று பெரிதாக எடுக்கக் கூடாது, உள்ளே கால் ஆடினால் ஸ்கீ திரும்பாது. சாக்ஸ் மெல்லியதாக ஒன்றே ஒன்று. இரண்டு போட்டால் இறுக்கி, ரத்தம் ஓடாமல் கால் இன்னும் சில்லிட்டுப்போகும். பூட்ஸை ஸ்கீயோடு பிடித்துவைக்கும் பைண்டிங்கை எடை, உயரம், வயது, பூட்ஸ் நீளம் எல்லாம் பார்த்துத்தான் முடுக்குகிறார்கள். விழும்போது ஸ்கீ கழன்றால்தான் கால் தப்பும். ஹெல்மெட் மட்டும் புதிது வாங்கினேன். பழையது எங்கே அடிபட்டது என்று யாருக்குத் தெரியும்? விரல் பிரித்த கையுறை வேண்டாம், மிட்டன்தான். மஃப்ளரும் வேண்டாம், லிஃப்டில் மாட்டும். அதற்கு நெக்வார்மர்.

சின்னவன் ஹாலில் ஸ்கீயை மாட்டிக்கொண்டு, முனைகளைச் சேர்த்து, "பீட்சா! பீட்சா!" என்று கத்துகிறான். அப்படிச் சேர்த்தால் வேகம் குறையும். அக்கா யூட்யூபில் காட்டியிருக்கிறாள்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாள். அதிரசம், சாக்லேட், தூக்கம். லிஸ்டில் ஒரு அசைவும் இல்லை.

நவம்பர் 12, செவ்வாய்

சின்னவனுக்கு மறுபடியும் வீசிங். ராத்திரி முழுக்க உட்கார்ந்தே தூங்கினான். நெஞ்சு மேலும் கீழும் போவதை எண்ணிக்கொண்டிருந்தேன்.

குளிர்க் காற்றே வேண்டாம் என்று டாக்டர் சொல்லவில்லை. வெளியே போவதற்குக் கால் மணி முன்னால் நீல பஃபர், அதாவது இன்ஹேலர், ஸ்பேசர் குழாயோடு. மூக்கை மூடி நெக்வார்மர். ரொம்பக் குளிரான நாளில் வீடு. காற்றோடு சேர்ந்த குளிர் மைனஸ் 28க்குப் போனால் திறந்த தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறைந்துவிடலாம். அந்த மாதிரி நாளில் வகுப்பு நடக்குமா, பணம் திரும்ப வருமா, பஃபரை யார் கையில் வைத்திருப்பார்கள்? எல்லாவற்றையும் எழுதி மெயில் அனுப்பினேன்.

நவம்பர் 13, புதன்

ஜாக்ராபிட்ஸ் பக்கத்தைத் திறந்தேன். மூடினேன்.

நவம்பர் 19, செவ்வாய்

சினூக், மலைப்பக்கமிருந்து வரும் வெதுவெதுப்பான காற்று. காலையில் உறைந்து கிடந்த தெரு மதியம் ஓடையாகிவிட்டது.

ஞாயிறு வகுப்பில் ஒரு இடம் காலியாம், சின்னவன் வயசுக் குழுவில். பெரியவள் குழுவில் இல்லை. மெயிலுக்கும் பதில் வந்திருக்கிறது: பஃபர் ஆசிரியரின் பையில் இருக்கும், சீசன் முழுக்க அதே ஆசிரியர். நாளை மதியத்துக்குள் சொல்லணும். கேட்டது இவள், கிடைத்தது அவனுக்கு. அவளிடம் எப்படிச் சொல்வது? நான்காம் வகுப்புக்கு ஸ்னோபாஸ் உண்டு, அந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்கிற ஒவ்வொரு மலையிலும் 3 நாள் லிஃப்ட் டிக்கெட். அதை வாங்கினாலும் சொல்லிக்கொடுக்க யார்? அவருக்கு நைட் ஷிஃப்ட், ஃபோனை எடுக்கவில்லை.

நவம்பர் 20, புதன்

கட்டிவிட்டேன். பெரியவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஞாயிறு மதியம் அவள் வயசுக்கு இன்னொரு குழு ஆரம்பிக்கலாமாம், இரண்டு மணிக்கு மேல் கூப்பிடச் சொன்னார்கள்.