காலி வவுச்சர்

7 ஜனவரி 2026, புதன்

இன்றும் பேங்க் மெசேஜ் வரவில்லை. டிசம்பர் சம்பளம் 14,200 ரூபாய். நவம்பரிலேயே பாதிதான் போட்டார்கள். மத்தியானம் ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் பதினோரு பேரும் சேர்ந்து கான்ட்ராக்டருக்குப் போன் போட்டோம். "கம்பெனியில பில் பாஸ் ஆகல, நான் என்ன செய்ய?" என்றார். அந்தக் கம்பெனியின் கண்ணாடியைத்தான் தினமும் துடைக்கிறோம். சீட்டுக் காசு கட்டவில்லை.

11 ஜனவரி, ஞாயிறு

பெங்களூரு ஈஜிபுராவில் எங்கள் எதிர்வீட்டுத் தாத்தா ஐ.டி.ஐ. டெலிபோன் தொழிற்சாலையில் ரிட்டையர் ஆனவர், பழைய யூனியன்காரர். "பில் வராதது அவன் பாடு. உன் சம்பளத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லம்மா" என்றார். மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கைக்கு வந்துவிட வேண்டுமாம். போன நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய ஊதியச் சட்டத்தொகுப்பு அப்படித்தான் சொல்கிறது. அதற்கு முன்பிருந்த 1936-ஆம் வருடச் சம்பளச் சட்டம் கடைசியில் மாதம் 24,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களுக்குத்தான் இருந்தது. இப்போது அந்த வரம்பும் இல்லை. கான்ட்ராக்டர் கொடுக்காவிட்டால் வேலை வாங்கிய கம்பெனியே பொறுப்பு. இது எனக்குப் புதுசு. இத்தனை நாள் அட்மின் மேடத்திடம் போய் நிற்கவே பயந்தோம்.

15 ஜனவரி, வியாழன்

பொங்கல். கரும்பு வாங்கவில்லை. சின்னவன் கேட்கவும் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

17 ஜனவரி, சனி

கான்ட்ராக்டரின் ஆள், சம்பளம் வாங்கியதாகக் கையெழுத்துப் போடும் வவுச்சர் ஒரு கட்டோடு வந்தான். பெயர் எழுதியிருந்தது, ரெவின்யூ ஸ்டாம்ப் பளிச்சென்று ஒட்டியிருந்தது, தொகை போடுகிற இடம் மட்டும் காலி. "கையெழுத்துப் போடுங்கக்கா, திங்கட்கிழமை பணம் ஏறிடும்" என்றான். மூன்று பேர் போட்டுவிட்டார்கள். நானும் பேனாவைத் திறந்துவிட்டேன். அப்புறம் தாத்தா சொன்னது ஞாபகம் வந்தது: சம்பளம் வரவில்லை என்று மனு போட்டால், கொடுத்தேன் என்று நிரூபிக்க வேண்டியது முதலாளிதான். அந்த ஆதாரத்தை நாமே ஸ்டாம்ப் மேல் எழுதித் தரலாமா? தலைவலி என்று சொல்லிவிட்டு மாப் வாளியைத் தூக்கிக்கொண்டு நாலாவது மாடிக்குப் போய்விட்டேன். திங்கட்கிழமை யாருக்கும் எதுவும் ஏறப்போவதில்லை, எழுதி வைக்கிறேன்.

20 ஜனவரி, செவ்வாய்

ஏறவில்லை.

24 ஜனவரி, சனி

பாஸ்புக், அடையாள அட்டை ஜெராக்ஸ், வாட்ஸ்அப்பில் வந்த ஷிப்ட் பட்டியல், கேட் ரெஜிஸ்டரை எடுத்த போட்டோ எல்லாம் ஒரு கவரில். எனக்குக் கன்னடம் பேச வரும், எழுத வராது. மகள் எழுதினாள். மூன்று தடவை அடித்துத் திருத்தினாள், "அம்மா, கோபமா எழுதாதே, தேதி மட்டும் சொல்லு" என்று எனக்கே பாடம் எடுத்தாள்.

27 ஜனவரி, செவ்வாய்

பன்னேர்கட்டா ரோடு கார்மிக பவன், தொழிலாளர் துறை ஆபீஸ். எல்லாருக்கும் ஒரே மனு போதும் என்றார்கள். வவுச்சரில் கையெழுத்திட்ட மூவரும் பயந்து வரவில்லை. அவர்களுக்கும் வழி இருக்கிறது, கேட்க மூன்று வருடம் வரை காலம் இருக்கிறது என்று சொல்லியும் கேட்கவில்லை. எங்கள் நகலில் சீல் வாங்கிக்கொண்டோம். பாக்கியோடு பத்து மடங்கு வரை நஷ்டஈடு போடச் சட்டத்தில் இடமுண்டு என்றதும் கூட வந்தவர்களுக்குக் கண் விரிந்தது. எனக்கு முதலில் அந்த ஒரு மடங்கு வரட்டும். சம்பளம் கேட்கப் போன இன்றைக்கும் ஒருநாள் சம்பளம் கட்.

5 பிப்ரவரி, வியாழன்

சீல் போட்ட நகலை அட்மின் மேடத்திடம் போன வாரமே கொடுத்திருந்தேன். சாயங்காலம் 14,200 ஏறியது. அரை மணியில் கான்ட்ராக்டர் போன்: "மனுவ வாபஸ் வாங்கிடுங்கம்மா."

"நவம்பர் மீதி 7,100 சார்?"

கட் பண்ணிவிட்டார். விசாரணை 18-ஆம் தேதி, லீவு சொல்லிவிட்டேன். ஜனவரி சம்பளத்துக்கு நாளை மறுநாள் ஏழாம் தேதி.