பாத்ரூம் வேலைக்கு மூணு பேர்கிட்ட கொட்டேஷன் வாங்கின அனுபவம்

பெட்ரூம்ல, பாத்ரூமை ஒட்டி இருக்கிற செவுத்துல பெயிண்ட் உப்பி உதிர ஆரம்பிச்சுது. சரி, டைல்ஸை மொத்தமா பேத்துட்டு புதுசா போட்டுடலாம்னு மூணு பேர்கிட்ட ரேட் கேட்டேன். ஒருத்தர் வந்து பாக்காமலே போன்லயே மொத்தமா ஒரு தொகை சொன்னாரு, இன்னொருத்தர் சதுர அடிக்கு இவ்வளவுன்னாரு, மூணாவது ஆள் மட்டும் நேர்ல வந்து பாத்துட்டுதான் சொல்லுவேன்னுட்டாரு.

முதல் ரெண்டையும் ரெண்டு நாள் வெச்சுப் பாத்தேன், எது கம்மின்னே சொல்ல முடியல, ஏன்னா ஒண்ணு லேபர் மட்டும், இன்னொண்ணு மெட்டீரியலோட, அதுலயும் சதுர அடின்னா தரை மட்டுமா செவுரும் சேத்தான்னு எங்கயும் இல்ல. எங்க பாத்ரூம் 5க்கு 8, தரை 40 சதுர அடிதான், ஆனா 7 அடி உயரத்துக்கு டைல்ஸ் ஏத்தினா செவுரு மட்டுமே 182 சதுர அடி, கதவுக்குக் கொஞ்சம் கழிச்சுக்கலாம். எவ்வளவு பெரிய வித்தியாசம் பாருங்க!

மூணாவது மேஸ்திரி வந்தாரு. சாவிக்கொத்தால டைல்ஸை ஒவ்வொண்ணா தட்டினாரு, மூலைல இருந்த நாலஞ்சு மட்டும் டொக்கு டொக்குன்னு வெத்துச் சத்தம் கேட்டுச்சு. ஒரு மக் தண்ணி ஊத்தினாரு, அது ஓட்டைப் பக்கம் போகாம அந்த மூலைலயே தேங்கிடுச்சு. "வாட்டம் சரியில்ல, ஆனா பைப்புல லீக் இருக்கான்னு மொதல்ல உள்ள தண்ணியை அழுத்தத்துல அடைச்சுப் பாக்கிற பிரஷர் டெஸ்ட் பண்ணிடணும், இல்லன்னா புது டைல்ஸ் போட்டும் ஓதம் வரும்"னாரு. மத்தவங்க யாரும் ஓதம் எங்கேருந்து வருதுன்னே கேக்கல.

அன்னிக்கு ராத்திரியே உக்காந்து நானே ஒரு லிஸ்ட் எழுதினேன். பழசை உடைக்கிறது, உடைச்ச வேஸ்டை யாரு அள்ளுறது, வாட்டர்ப்ரூஃபிங் எத்தனை கோட், செவுத்துல எவ்வளவு உயரம் வரைக்கும், தண்ணி கட்டி 24 மணி நேரம் டெஸ்ட், பைப் மாத்துறது, டைல்ஸ் இடுக்கை அடைக்கிற கிரவுட், கட்டிங் வேஸ்டுக்கு டைல்ஸ் 10 சதவீதம் கூடுதல், கழட்டின ஃபிட்டிங்ஸைத் திரும்ப மாட்டுறதுன்னு எல்லாம். அதையே மூணு பேருக்கும் அனுப்பி, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ரேட் போடச் சொன்னேன். போன்ல சொன்னவரோட தொகை கிட்டத்தட்ட இரட்டிப்பாயிடுச்சு, உடைக்கிறது அள்ளுறது எதுவுமே மொதல்ல அவர் கணக்குல இல்ல. இன்னொருத்தர் வேலை தொடங்குறதுக்கு முன்னாடியே பாதிப் பணம் கேட்டாரு, அங்கயே வேண்டாம்னுட்டேன்.

தட்டிப் பாத்த மேஸ்திரிக்கே வேலையைக் குடுத்தேன். அவர் ரேட் ஒண்ணும் கம்மி இல்ல. கொஞ்சம் அட்வான்ஸ், மீதி வேலை முடிய முடிய தவணையா, கூடுதல் வேலை வந்தா எழுதிக் குடுத்துட்டுதான் தொடங்கணும்னு பேசி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டோம்.

வாட்டர்ப்ரூஃபிங் காஞ்சதும் ஓட்டையை அடைச்சுத் தண்ணி கட்டி, மட்டத்துல பென்சிலால ஒரு கோடு போட்டாரு. மறுநாள் போய்ப் பாத்தா தண்ணி அந்தக் கோட்டுலயே நின்னுச்சு, பெட்ரூம் செவுத்துலயும் புதுசா ஈரம் இல்ல. அதுக்கப்புறம்தான் அடுத்த தவணையைக் குடுத்தேன்.