கணக்கை விடாதே என்று சொன்னது

"கணக்கை விட்டால் வழியை அடைத்துக்கொள்கிறாய்" என்றேன்.

"எந்த வழி, மேம்?" என்று கேட்டாள் அந்த மாணவி.

பதில் சொன்னது பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆயா, அவளுடைய பாட்டிதான். "எல்லா வழியுந்தாண்டி. படிக்கற புள்ள கணக்க விடலாமா?" அத்தோடு பேச்சு முடிந்தது. கையெழுத்துக்காகக் கொண்டுவந்திருந்த பாடமாற்றப் படிவத்தை அவள் நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மொத்தம் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அப்போது அவள் பதினோராம் வகுப்பு, பிப்ரவரி மாதம். பத்தாம் வகுப்பு இறுதித் தேர்வில் கணக்கில் 46.

அந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருந்தது. பல்கலைக்கழகச் சேர்க்கைக் கையேட்டில் இரண்டு பக்கம் புரட்டினால் கிடைத்திருக்கும். புரட்டவில்லை.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், மெட்ரிக் என்கிற பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை நோக்கிப் போகும் பிள்ளைகளுக்குப் பாடமும் மேற்படிப்பும் தேர்ந்தெடுக்க ஆலோசனை சொல்கிற யாரைக் கேட்டாலும் முதல் விதி இதுதான்: மேத்ஸிலிருந்து மேத்ஸ் லிட்டுக்கு (மேத்ஸ் லிட்டரசி, அன்றாட வாழ்க்கைக் கணக்குப் பாடம்) இறங்கவிடாதே. விதிக்குக் காரணம் உண்டு. ஏழு பாடத்தில் இரண்டு மொழி, லைஃப் ஓரியன்டேஷன் என்கிற வாழ்க்கைத் திறன் பாடம், விருப்பப் பாடம் மூன்று. மீதி ஒன்று பொதுவாக மேத்ஸாகவோ மேத்ஸ் லிட்டரசியாகவோ இருந்தாக வேண்டும். மேத்ஸ் இல்லையென்றால் பொறியியல் இல்லை, கணினி அறிவியல் இல்லை, பட்டயக் கணக்காளர் ஆவதற்கான பி.காம். அக்கவுண்டிங் இல்லை. மேலிருந்து கீழே இறங்கப் படிவமும் பெற்றோர் கையெழுத்தும் பள்ளி ஒப்புதலும் போதும். கீழிருந்து மேலே ஏறுவது பேச்சளவில்தான். ஒரு பக்கம் மட்டும் திறக்கிற வாசல் என்பதால், சந்தேகம் வந்தால் மேத்ஸிலேயே நிறுத்து என்கிறோம்.

அதற்கு முந்தைய ஆண்டு ஒரு பையன் வந்திருந்தான். பன்னிரண்டாம் வகுப்பு, மார்ச் மாதம். மேத்ஸ் லிட்டில் 88. அக்கவுண்டிங் படிக்க வேண்டும் என்றான். அந்த 88ஐ வைத்துக்கொண்டு அந்தப் படிப்புக்கு ஒன்றும் செய்ய முடியாது என்று அவனுக்கு விளக்க அரை மணி நேரம் பிடித்தது. நிமிர்ந்து பார்க்காமலே எழுந்து போனான். இந்தப் பெண்ணுக்குச் சொன்ன வாக்கியம் நிஜத்தில் அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியது. இரண்டு வருடம் தாமதமாக வேறொரு பிள்ளையின் தலையில் விழுந்துவிட்டது.

ஆனால் அவள் அக்கவுண்டிங் கேட்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்தே ஒரே பேச்சு: சோஷியல் வொர்க். நான்கு வருடப் பட்டம். அவள் மனதில் வைத்திருந்த பல்கலையின் நுழைவுத் தகுதியில் மேத்ஸ் லிட்டும் ஏற்கப்பட்டிருந்தது. இது பிற்பாடு பார்த்துத் தெரிந்துகொண்டது. பதினைந்து வயதில் சொல்லும் ஆசை மாறிவிடும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் பாடம். பெரும்பாலும் மாறவும் செய்கிறது. இவளுக்கு மாறவில்லை. மாறாத பிள்ளையை மாறுகிற பிள்ளையிலிருந்து எப்படிப் பிரித்து அறிவது என்று யாராவது சொல்லிக் கொடுத்தால் தேவலை.

பல்கலைகள் இடம் கொடுக்கப் பார்க்கும் ஏ.பி.எஸ். என்கிற புள்ளிக் கணக்கு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 80ஓ அதற்கு மேலோ வாங்கினால் 7 புள்ளி, 70லிருந்து 79 வரை 6, 60க்கு 5, 50க்கு 4, 40க்கு 3, 30க்கு 2, அதற்கும் கீழே 1. லைஃப் ஓரியன்டேஷனைத் தள்ளிவிட்டு ஆறு பாடத்தைக் கூட்டுவது பொதுவான முறை. எல்லா இடத்திலும் இப்படியில்லை. ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலை ஆங்கிலத்துக்கும் மேத்ஸுக்கும் கூடுதல் புள்ளி தருகிறது. கேப் டவுன் பல்கலை படிநிலையை விட்டுவிட்டுச் சதவீதத்தையே கூட்டி, பெரும்பாலான படிப்புகளுக்கு 600க்குக் கணக்கிடுகிறது. ஆகவே "என் ஏ.பி.எஸ். எவ்வளவு?" என்று ஒரு பிள்ளை கேட்டால், "எந்தப் பல்கலைக்கு?" என்று திருப்பிக் கேட்பதுதான் சரி.

இந்தப் படிக்கட்டில் ஒரு கோளாறு இருக்கிறது. 69க்கும் 60க்கும் ஒரே புள்ளி. 69க்கும் 70க்கும் ஒரு புள்ளி வித்தியாசம். எந்தப் பாடத்தில் ஒரு மணி நேரம் கூடுதலாகச் செலவிட்டால் படி ஏறும் என்று பார்க்கத் தெரிந்தவர்கள் 58, 68, 78 என்று நிற்கும் பாடங்களைத்தான் முதலில் எடுப்பார்கள். 43ல் நிற்கும் பாடம் ஒரு படி ஏற ஏழு மதிப்பெண் வேண்டும். அந்த ஏழுக்குச் செலவாகிற சனிக்கிழமைகளை எண்ணிப் பார்த்ததில்லை.

பதினோராம் வகுப்பு முடிவில் அவளுடைய மதிப்பெண் தாள்: ஆங்கிலம் 68, ஜூலு 72, மேத்ஸ் 43, லைஃப் சயின்ஸஸ் 71, வரலாறு 74, பிசினஸ் ஸ்டடீஸ் 64. புள்ளி 5, 6, 3, 6, 6, 5. கூட்டினால் 31. மேத்ஸ் இருந்த இடத்தில் மேத்ஸ் லிட்டில் 80 என்று வைத்துக்கொண்டால் 35. இந்தக் கூட்டலைப் பிப்ரவரியில் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே, ஒரு துண்டுத் தாளில் போட்டிருக்கலாம். ஆயாவுக்கும் புரிந்திருக்கும். சந்தைக்குப் போய் வந்தவர், கூட்டல் கழித்தல் அவருக்கு நம்மைவிட வேகம்.

சரி, 46 வாங்கியவள் 60க்கு வரமாட்டாள் என்று எப்படித் தெரியும்? வந்திருக்கலாம். வந்தவர்கள் இருக்கிறார்கள். மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது, விடைத்தாளைப் பார்க்க வேண்டும். மதிப்பெண் எங்கே ஒழுகியது என்பதுதான் விஷயம். யூக்ளிட் வடிவியலில் போயிருந்தால் பயப்பட வேண்டாம். பதினோராம் வகுப்பின் வட்டத் தேற்றங்களை நிரூபணத்தோடு படித்து, ஒவ்வொரு வரிக்கும் காரணம் எழுதப் பழகினால் இரண்டாம் தாள் தேறும். வரைபடங்களில் போயிருந்தாலும் பரவாயில்லை, பழைய தாள்களில் ஒரே அச்சுதான் திரும்பத் திரும்ப வரும். பின்னத்திலும் காரணிப்படுத்துவதிலும் குறியை மாற்றிப் போடுவதிலும் ஒழுகியிருந்தால் அது எட்டாம், ஒன்பதாம் வகுப்பு ஓட்டை. சமன்பாடு, முக்கோணவியல், நுண்கணிதம் என்று எதைத் தொட்டாலும் அந்த ஓட்டை வழியாகவே போகும். பின்னால் போய் அடைக்காமல் வாரம் இரண்டு மணி நேர டியூஷனால் அது அடைபடாது. அவளுடைய விடைத்தாளை ஆகஸ்டில்தான் வாங்கிப் பார்க்க நேர்ந்தது. ஓட்டை பின்னத்தில் இருந்தது.

மேத்ஸ் லிட் சுலபம் என்று சொல்லிவிட முடியாது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். கடன், வரி, அளவை, வரைபடம், தரவு, நிகழ்தகவு என்று வாழ்க்கைக் கணக்கு. கேள்விகள் நீளமானவை. வாசிக்கச் சோம்பினால் 60ல் நின்றுவிடும். மேத்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் படிக்காமலே 80 வரும் என்று நம்பி, விட்டுப்போன பத்தாம் வகுப்புப் பகுதியைத் தொடாமல், 65ல் முடிப்பதைப் பார்த்திருக்கிறோம். ஆகவே அந்த 35 என்பது உத்தரவாதம் இல்லை, 33ஆகவும் இருந்திருக்கலாம். இப்படி ஒரு எண்ணைக் குறைத்துக்கொண்டால் கொஞ்சம் தூக்கம் வருகிறது என்பது வேறு விஷயம்.

விண்ணப்ப ஆண்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, செய்ய வேண்டியதைச் செய்தோம். டர்பன் இருக்கும் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாக ஆறு விருப்பம் எழுதலாம். செப்டம்பர் 30க்குள் போட்டால் ஒரு கட்டணம், தாமதமானால் கிட்டத்தட்ட இரட்டிப்பு. எங்கள் வீடுகளில் அது புரட்டாசி விரதமும் மெட்ரிக் ஒத்திகையான ட்ரையல் தேர்வும் சேர்ந்து வருகிற சமயம், எல்லோரும் பசியும் எரிச்சலுமாக வருவார்கள். வழக்கமாகச் சறுக்குகிற இடங்கள் தெரிந்தவைதான். அண்ணனுடைய மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு, இடம் வந்த கடிதத்தை அண்ணன் பார்க்காமல் விடுவது. எண் மாற்றியதால் குறுஞ்செய்தி வராமல், ஏற்றுக்கொள்ளும் தேதி தாண்டிப் போவது. ஆறு விருப்பத்தையும் ஒரே உயரத்தில் எழுதுவது. இவள் எதிலும் சறுக்கவில்லை. முதல் இரண்டும் சோஷியல் வொர்க், நடுவில் இரண்டு பொதுப் பட்டம், கடைசியில் பாதுகாப்புக்கு இரண்டு டிப்ளமா. அந்த டிப்ளமாக்களை எழுதச் சொன்னதும் இதே வாய்தான். முனகிக்கொண்டே எழுதினாள்.

ஜனவரியில் முடிவு வந்தது. மேத்ஸ் 41. மற்றவை ஏறக்குறைய அப்படியே, வரலாறு மட்டும் 74லிருந்து 69. ஐந்து மதிப்பெண் இறங்கி ஒரு படி போயிற்று. மொத்தம் 30. பட்டப் படிப்புக்குரிய தேர்ச்சி இருந்தது. அறிவிக்கப்பட்ட குறைந்தபட்சப் புள்ளியும் இருந்தது. இடம் இல்லை. குறைந்தபட்சம் என்பது வரிசையில் நிற்க அனுமதிச் சீட்டு, அவ்வளவே. இடங்கள் மேலிருந்து நிரம்பிக்கொண்டே வந்து எங்கே தீர்கிறதோ அங்கே கதவு. ஒவ்வொரு ஆண்டும் பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொல்கிறோம். ஒவ்வொரு ஆண்டும் "ஆனா மினிமம் இருக்கே!" என்று ஒருவர் எழுந்து நிற்பார்.

வரலாறு ஏன் இறங்கியது? சனிக்கிழமை காலை மேத்ஸ் டியூஷன், மாலை அதற்கான வீட்டுப்பாடம். வரலாறு எழுதிப் பழகவேண்டிய பாடம், கட்டுரைக்குக் கை ஓட வேண்டும். கை மேத்ஸில் இருந்தது. இது ஊகம்தான். அந்த ஆண்டு தாள் கடினமாக இருந்தது என்றும் சொன்னார்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

ஐந்தாவதாக எழுதிய மனிதவள டிப்ளமாவில் சேர்ந்தாள். நாட்டு உதவித்தொகைத் திட்டம் கட்டணத்தைப் பார்த்துக்கொண்டது, வீட்டு வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்ததால் அதில் சிக்கல் வரவில்லை. அந்த டிப்ளமாவுக்கும் மேத்ஸ் லிட் போதும். ஆக, மூன்று வருடம் கட்டிக்கொண்டு அழுத மேத்ஸை அவள் எழுதிய ஆறு விருப்பத்தில் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

இப்படி எழுதும்போது தீர்ப்பு ஒரு பக்கமாகச் சாய்கிறது. ஆனால் அதே பிப்ரவரியில் அதே மேசையில் அதே வாக்கியத்தைக் கேட்டு மேத்ஸில் நின்ற வேறு இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருத்தி 52 வாங்கி, மேத்ஸ் கட்டாயமாக இருந்த ஒரு படிப்பில் இருக்கிறாள். அவள் இனிப்புப் பெட்டியோடு வந்தாள். அந்த வாக்கியம் அவளுக்குச் சரி, இவளுக்குத் தவறு என்று சொல்வதா, அல்லது கையேட்டைத் திறக்காமல் சொன்னதால் இரண்டு இடத்திலுமே தவறு, ஒன்றில் அதிர்ஷ்டம் என்று சொல்வதா? இரண்டாவதுதான் நேர்மை என்று படுகிறது. இனிப்பைத் தின்றபோது அப்படிப் படவில்லை.

பேசியவர்கள் மூன்று பேர் என்பதும் நெருடுகிறது. படிவத்தைக் கொண்டுவந்தது அவள். முடிவெடுத்தது மற்ற இருவர். ஆயா பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காதவர், அவருக்குக் கணக்கு என்றால் கௌரவம். அவர் சொன்னதில் குறையில்லை. அவர் சொன்னதும் அதற்குப் பின்னால் நான் ஒதுங்கிக்கொண்டதுதான் குறை. வீட்டுப் பெரியவரும் மேசைக்காரரும் ஒரே பக்கம் நின்றால் பதினாறு வயதுப் பெண் படிவத்தை மடிக்காமல் வேறென்ன செய்வாள்.

போன காவடிக்குக் கோயிலில் ஆயாவைப் பார்க்க நேர்ந்தது. கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க சொல்லித்தான் டீச்சர் கணக்க விடாம முடிச்சா. சர்டிபிகேட்டுல அது இருக்குல்ல, அது போதும்" என்றார். இருக்கிறது, 41 என்று இருக்கிறது. தலையை ஆட்டிவிட்டு வரிசையில் நகர்ந்தேன்.

இந்த ஆண்டு பதினோராம் வகுப்பில் ஒரு பையன் அதே படிவத்தோடு வந்திருக்கிறான். இந்த முறை கையேட்டைத் திறந்தோம், விடைத்தாளையும் கேட்டு வாங்கியாயிற்று. கூட்டலை அவனையே போடச் சொன்னேன். மேத்ஸ் 44, ஒழுகுவது பெரும்பாலும் வடிவியலில். என்ன படிக்கப் போகிறாய் என்றால் முதல் வாரம் ஆசிரியர் பயிற்சி, அடுத்த வாரம் சட்டம், நேற்று கணினி. கையேடு மூன்றுக்கும் மூன்று பதில் சொல்கிறது. படிவம் மேசை இழுப்பறையில் கையெழுத்தில்லாமல் கிடக்கிறது. பள்ளி கொடுத்திருக்கும் கெடு வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை ஆயாவோ அம்மாவோ இல்லாமல் தனியாக வா என்று சொல்லியிருக்கிறேன்.