நீர் எவடம்?

திருகோணமலை உப்புவெளியில் ஒரு விடுதியின் வரவேற்பில் நிற்கிறேன். ஸ்பானியம் பேசுகிறவர்களும் வருவார்கள் என்று போனில் ஒரு செயலியை இறக்கிப் படிக்கத் தொடங்கினேன். முதலில் வந்த கேள்விகளில் ஒன்று ‘தோந்தே பீவெஸ்?’, அதாவது நீ எங்கே இருக்கிறாய். சரி, இவ்வளவுதானே என்று நினைத்தேன்.

போன சீசனில் ஆர்ஜென்டினாவில் இருந்து வந்த ஒரு பிள்ளை, சாவியை வாங்கிக்கொண்டே ‘தோந்தே பிவீஸ்?’ என்றாள், அழுத்தம் கடைசியில். செயலியில் படித்தபடி அது ‘நீங்கள் எல்லாரும் எங்கே இருக்கிறீர்கள்’. திரும்பிப் பார்த்தேன், பின்னால் ஒருத்தரும் இல்லை. வீட்டாட்களையும் சேர்த்துத்தான் கேட்கிறாளாக்கும் என்று, அம்மா, தங்கச்சி, நான், எல்லாரும் பாலையூற்றில் இருக்கிறோம் என்று விலாவாரியாகச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பு!

ஸ்பெயினில்தான் பிவீஸ் பலருக்கு. ஆர்ஜென்டினாவில் ‘நீ’ என்பதற்கு ஸ்பெயினில் சொல்கிற ‘தூ’ புழக்கத்தில் இல்லை, ‘போஸ்’தான், அதோடு ஒரே ஆளுக்கு பிவீஸ் வரும். போஸ் ஒரு காலத்தில் பெரிய மனிதர்களுக்கான மரியாதைச் சொல், நாளடைவில் இறங்கி நண்பர்களிடம் வந்து சேர்ந்துவிட்டது. எங்கள் ‘நீர்’ வந்த வழியும் அதுதான். பழந்தமிழில் நீர் பன்மை, இன்றைக்கு, எங்களோடு படித்த ஒருவனிடம் எந்த இடம் என்று கேட்க ‘நீர் எவடம்?’ என்கிறோம்.

மரியாதையாகக் கேட்க ‘தோந்தே பீவே உஸ்தெத்?’. இதில் எனக்கு மண்டை காய்ந்தது, ஏனென்றால் முன்னால் நிற்கிறவரிடம் பேசும்போதும் வினை ‘அவர் இருக்கிறார்’ என்பதற்கு வருகிற அதே வினை. ‘உங்கள் கருணை’ என்ற பொருளில் இருந்த ‘புவெஸ்த்ரா மெர்செத்’ சுருங்கித்தான் உஸ்தெத் ஆனதாம், கருணை படர்க்கைதானே. அப்புறம் ஒரு நாள் பஸ் நிலையத்தில் ஆட்டோக்காரர் ஒருத்தர் ஒரு கிழவரிடம் “ஐயாவுக்கு எவடம்?” என்று கேட்டார். ‘உங்களுக்கு’ என்று வாயில் வரவில்லை பாருங்கள். அட, இதுதானே உஸ்தெத்!

ஸ்பெயின்காரர் சட்டென்று தூவுக்கு இறங்கிவிடுவார்கள், கொலம்பியாவின் பொகோட்டாவிலோ கூட்டாளிமாருக்குள்ளேயே உஸ்தெத் போடுவார்கள். தூ போட்டுக் கதைப்பதற்கென்றே ‘துதேஆர்’ என்று தனி வினைச்சொல்லும் உண்டு. எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு ஸ்பானிய அம்மா என்னிடம் அந்தச் சொல்லைச் சொல்லியே அனுமதி தந்தார். மூன்று நாள் தங்கினார், மூன்று நாளும் உஸ்தெத் என்றுதான் கூப்பிட்டேன். அம்மாவின் வயதுக்கு மேலே உள்ளவரை எப்படி நீ என்கிறது?