ஐந்து பேர் பார்த்த நாடகம்

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் படித்த காலத்தில் மூன்று ஆகஸ்ட் மாதங்கள் ஃபிரிஞ்ச் விழாவுக்கு நாடக விமர்சனம் எழுதினேன். சம்பளம் கிடையாது. சின்னப் பத்திரிகைதான், டிக்கெட் மட்டும் வாங்கித் தருவார்கள். மறுநாள் காலை 9 மணிக்குள் 300 சொற்கள் எழுதி, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்றும் போட்டு அனுப்ப வேண்டும்.

ஒரு நாளைக்கு நான்கு நாடகம் பார்ப்பேன். பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்த எனக்கு முதலில் அது மூச்சு விடக்கூட நேரம் தராத அவசரமாகப் பட்டது. ஓட்டமும் அதிகம். கௌகேட் தெரு பள்ளத்தில் கிடக்கும், நான்காம் ஜார்ஜ் பாலம் அதன் தலைக்கு மேலே போகும். வரைபடத்தில் பார்த்தால் இரண்டும் ஒரே இடம். நேரில் போனால் படியேற வேண்டும், அதுவும் மழையில்.

1947-இல் எடின்பரோ சர்வதேச விழா முதன்முதலாக நடந்தபோது, யாரும் அழைக்காமலே எட்டு நாடகக் குழுக்கள் வந்து கிடைத்த இடத்தில் நாடகம் போட்டன. ஃபிரிஞ்ச் அப்படித்தான் பிறந்தது. 1958-இல் அதற்கென்று ஒரு சங்கம் அமைந்தபோதும், 'இன்னார் வரலாம், இன்னார் கூடாது' என்று தேர்ந்தெடுப்பதில்லை என்ற கொள்கையை விடவில்லை. இன்றும் ஓர் இடத்தைப் பிடித்துப் பதிவுக் கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் நாடகம் போடலாம். தேவாலயக் கூடம், மதுக்கடை மாடி, பல்கலைக்கழக வகுப்பறை, பாலத்துக்கு அடியில் ஈரம் கசியும் கல் அறை என்று எல்லாம் ஆகஸ்டில் அரங்கமாகிவிடும். மூவாயிரத்துக்கும் மேல் நிகழ்ச்சிகள்.

நான் மதிக்கும் கொள்கை அது. ஆனால் யாரும் முன்கூட்டிச் சலித்துத் தராததால், எதைப் பார்ப்பது என்று தெரியாமல் நிற்கும் ஆள் விமர்சனத்தைத்தான் தேடுகிறார். நடிகர்களுக்கும் அது தெரியும். 1966-இல் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள் இங்கே டாம் ஸ்டாப்பர்ட் என்ற நாடகாசிரியரின் நாடகம் ஒன்றை முதன்முதலாகப் போட்டார்கள். 'அப்சர்வர்' ஞாயிறு இதழில் விமர்சகர் ரொனால்ட் பிரைடன் பாராட்டி எழுதினார். அடுத்த ஆண்டே அதை லண்டனில் நேஷனல் தியேட்டர் எடுத்து நடத்தியது. கைக்காசைப் போட்டு, ஆகஸ்ட் மாத வாடகையும் கொடுத்துத் தங்கியிருக்கும் ஒவ்வொரு குழுவின் மனதிலும் அப்படி ஒரு நாள் வரும் என்ற நினைப்பு இருக்கும். நல்ல விமர்சனம் வந்த அன்றே நட்சத்திரங்களைச் சின்னச் சீட்டில் அச்சடித்து, நூற்றுக்கணக்கான நோட்டீஸ்களில் ஒவ்வொன்றாக ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தச் சீட்டில் நான்கும் ஐந்தும்தான் வரும். மூன்று வராது. எங்கள் பத்திரிகையில் மூன்று என்றால் 'நன்று' என்று பொருள், ஆனால் தெருவில் அது செல்லாக் காசு. இரக்கப்பட்டு நான்கு போடலாமா என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன். போடவில்லை. என்னை நம்பி டிக்கெட் வாங்குகிறவரும் காசு கொடுத்துத்தானே வருகிறார்.

குறிப்பெடுப்பதை முதல் வாரத்திலேயே நிறுத்திவிட்டேன். இருபது நாற்காலி போட்ட அறையில் மேடை வெளிச்சம் நம் மடிவரை விழும். பேனா அசைந்தால் நடிகரின் கண் ஒரு கணம் அங்கே போய்த் திரும்பும். அதை ஒருமுறை பார்த்தபின் கை எழவில்லை. வெளியே வந்து படியில் உட்கார்ந்துதான் எழுதுவேன்.

இரண்டாவது ஆண்டில் ஒரு நாடகம். இரவு பத்து மணிக் காட்சி, எனக்கு அன்றைய நான்காவது. பார்க்க வந்தவர்கள் என்னோடு சேர்த்து ஐந்து பேர். அம்மா இறந்தபின் அண்ணனும் தங்கையும் அவள் சமையலறையைக் காலி செய்கிறார்கள், அவ்வளவுதான் கதை. பாத்திரங்களைத் தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டே இருக்கிறார்கள். கடைசியில் ஒரு கரண்டி மிஞ்சுகிறது. இருவரும் பேசாமல் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த மௌனம் அபாரம் என்று எழுதினேன். நடுவில் கால் மணி நேரம் தொய்கிறது, வெட்டலாம் என்றும் எழுதி மூன்று போட்டேன்.

மூன்று நாள் கழித்து ராயல் மைல் தெருவில் தங்கையாக நடித்த பெண் என் கையில் நோட்டீஸைத் திணித்தாள். சீட்டில் நட்சத்திரம் இல்லை. மௌனத்தைப் பற்றி நான் எழுதிய வரி மட்டும் இருந்தது. அதை எழுதியது நான்தான் என்று சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "நீங்கள் சொன்ன இடத்தை வெட்டிவிட்டோம், மறுபடி வந்து பாருங்கள்" என்றாள்.

இந்த முறை காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் போனேன். நாடகம் விறுவிறுப்பாக ஓடியது. கரண்டி வந்தது, இருவரும் நின்றார்கள். எனக்குள் ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கால் மணி நேரம் பாத்திரங்களைச் சுற்றிச் சுற்றி நமக்கும் கை ஓய்ந்துபோனதால்தான் கரண்டி அவ்வளவு கனத்தது என்பது அப்போதுதான் உறைத்தது. முதல் நாள் எனக்குச் சலித்தது உண்மை. அந்தச் சலிப்பு நாடகத்துக்கு வேண்டியிருந்தது என்பது எனக்குத் தெரியவில்லை, நாடகம் போட்ட அவர்களும் என்னை நம்பிவிட்டார்கள்.

படிக்கட்டில் காத்திருந்து அவர்களிடம் சொன்னேன். சொல்லும்போது குரல் சரியாக எழும்பவில்லை. அண்ணனாக நடித்தவர் சற்று நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் பையிலிருந்து பிரதியை எடுத்து, பென்சிலால் அடித்திருந்த பக்கங்களைத் தங்கையிடம் நீட்டினார். அடுத்த குழு சாமான்களோடு கதவருகே நின்றது, நாங்கள் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டோம்.

ஒரு நாடகத்துக்கு ஒரு விமர்சனம்தான் என்பது பத்திரிகையின் விதி. இருந்தாலும் ஆசிரியரிடம் போய் இரண்டு பத்தி கேட்டேன். இடமில்லை என்றார். அவர்களுடைய கடைசிக் காட்சி சனிக்கிழமை இரவு. அந்த நேரத்துக்கு எனக்கு நகரின் மறுகோடியில் வேறு நாடகம் ஒதுக்கியிருந்தார்கள்.